புஷ் போல்ட்டை எப்போது இறுக்க வேண்டும்?

ஆசிரியருக்கு,

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிடிமானம் இழந்து அலைபாய ஆரம்பித்தால், நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிடுங்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. மாற்றிய பிறகும் பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கும், பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று தட்டும். காரணம் ஷாக்கில் இல்லை, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஆர்ம்களில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில்.

அதற்கும் முன்னால் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமலே கல்லாகிப்போன டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

சத்தமே பாதி விவரம் சொல்லிவிடும். மெதுவாகப் போகும்போது சின்ன மேடுகளில் கடகடத்தால், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் ராட். பிரேக் மிதித்ததும் ஒரே ஒரு ‘டொக்’ என்றால் பெரும்பாலும் லோயர் ஆர்ம் புஷ். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருக்கும் ஸ்ட்ரட் வகைக் காரை நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளினால், அந்தத் தூணின் மேல்முனையில் இருக்கும் டாப் மவுண்ட் பேரிங். முன்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்க்கும் சோதனையில் முழுதாகச் செத்த ஷாக் மட்டுமே மாட்டும். பாதி செத்தது தப்பித்துவிடும்.

புஷ் என்பது இரண்டு இரும்புக் குழல்கள், நடுவே இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் பாடியோடு கவ்விக்கொள்ளும், பிறகு அது சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. கார் ஷெட்டிலேயே கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். மீட்டரில் கிலோமீட்டர் குறைவு என்பதை நம்பி இருக்கக் கூடாது. நெம்புகம்பியால் ஆர்மை நெம்பிப் பாருங்கள். ரப்பர் குழலை விட்டுப் பிரிந்திருந்தால் இடைவெளி கண்ணுக்கே தெரியும்.

தவறு அதிகம் நடக்கும் இடம் இனிமேல்தான். காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே புது புஷ்ஷின் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பருக்கு அந்தத் தொங்கல்தான் இயல்பு நிலை ஆகிவிடுகிறது. காரை இறக்கியதும் எந்நேரமும் முறுக்கேறியே கிடக்கும். கார் கொஞ்சம் உயரமாக நிற்கும். ‘ஸ்பிரிங் படிந்ததும் சரியாகிவிடும்’ என்பார்கள். சீக்கிரமே ரப்பர் கிழியும், பழி ‘டூப்ளிகேட்’ பார்ட்டின் மேல் விழும்.

சரியான முறை இதுதான். கழற்றும் முன்பே, கார் தரையில் நிற்கும்போது சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். மாட்டும்போது போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, காரை ராம்ப்பிலோ சர்வீஸ் பள்ளத்தின் மேலோ சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். ராம்ப் இல்லையென்றால் ஆர்மின் சக்கரப் பக்க முனையில் உள்ள பால் ஜாயின்ட்டுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, எழுதி வைத்த அளவு வரும் வரை ஆர்மைத் தூக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் எடை குறைவு, அந்த மூலை ஸ்டாண்டை விட்டு எழும்பிவிடும், கவனம். பாலியூரித்தேன் புஷ் உள்குழலின் மேலேயே சுழல்வதால் அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் சிலிக்கான் கிரீஸ் இல்லாவிட்டால் கத்தும், ரோட்டின் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும். தினமும் ஓட்டும் காருக்கு ரப்பரே என் தேர்வு.

பழைய புஷ்ஷைத் தட்டி எடுக்கும் முன் அது ஆர்மில் எந்தக் கோணத்தில் இருந்தது என்று கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ரப்பரில் துளை உள்ள வகையைத் திருப்பிப் போட்டால் மென்மை தவறான திசைக்குப் போய்விடும். ரப்பரை எரித்து எடுக்காதீர்கள். அலுமினிய ஆர்ம் பலமிழக்கும், புகையும் நஞ்சு.

1989-ல் வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் திருப்பினால் ஆர்மை நகர்த்தி அலைன்மென்ட் செய்யும் கேம் போல்ட்டே புஷ்ஷுக்குள்தான் போகிறது. சக்கரத்துக்கு இரண்டு, ஆக 8. துரு பிடித்து உள்குழலோடு ஒட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். துரு எண்ணெயை ஓரிரு நாள் முன்பே அடித்து ஊறவிட்டு, புது போல்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டே வேலையில் இறங்குங்கள்.

ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள், ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப்பும் தூசி உறையும் சேர்த்து. நட்டைக் கழற்றும்போது ராட் கூடவே சுற்றுகிறது என்று பிளையரால் கவ்வினால், அந்தக் கீறலே ஆயில் சீலைக் கிழித்துவிடும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டையும் எதிரெதிரே மாட்டிச் சம அளவில் திருகுங்கள். அமுக்கிய ஸ்பிரிங்குக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

கடைசியில் நான்கு சக்கர அலைன்மென்ட். ஆர்மைக் கழற்றிய பின் பழைய டோ அளவு (சக்கரங்கள் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) அப்படியே இருக்காது. அதோடு ஓட்டினால் டயரின் உள்விளிம்பு வெளியே தெரியாமல் மொட்டையாகும்.

இப்படிக்கு,
சஸ்பென்ஷன் வேலை செய்யும் வாசகர்