கிள்ளுவதற்கு முன் எந்தச் செடி என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டக் குறிப்புகளில் ‘செடி பூத்ததும் கிள்ளிவிடுங்கள்’ என்ற வரியை அடிக்கடி பார்க்க முடிகிறது. துளசிக்குச் சரியான யோசனை அது. அதையே பூசணிக்குச் செய்தால் காய்க்கு எங்கே போவது? எந்தச் செடிக்குச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும்.

துளசி, திருநீற்றுப்பச்சிலை போன்றவற்றில் கதிர் தலைகாட்டியதும் இரண்டு ஜோடி இலைகளை விட்டு மேலே கிள்ள வேண்டும். கணுவுக்கு இரண்டு கிளை வெடிக்கும். கொத்தமல்லியிடம் இது பலிக்காது. நடுத்தண்டு விறுவிறுவென நீண்டு, அகன்ற இலை போய் நூல் நூலாக இலை வந்தால் அது விதைக்குத் தயாராகிவிட்டது. தண்டை வெட்டினாலும் பழைய இலை திரும்பாது. வெயில், நீண்ட பகல், காய்ந்த மண், நாற்றைப் பிடுங்கி நடுவது எல்லாமே இதை முன்கூட்டியே வரவழைக்கும். விதைத்த இடத்திலேயே வளரவிட்டு, 2 வாரத்துக்கு ஒருமுறை புதிதாகக் கொஞ்சம் தூவுவதே வழி. முள்ளங்கி பூத்துவிட்டால் கிழங்கு நாராகிவிடும், அவ்வளவுதான்.

பூசணியில்தான் குழப்பம் அதிகம். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள்; அவை உதிர்வது நோயல்ல. பெண் பூ பின்னால் வரும், இதழுக்குக் கீழே குண்டாக ஒரு பிஞ்சு இருக்கும். அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். அன்று விரிந்த ஆண் பூவைக் காலையிலேயே பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடு முடிச்சில் எல்லா மடல்களிலும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும். நண்பகலுக்குள் பூ மூடிவிடும். சுரையும் பீர்க்கும் மாலையில் விரிபவை; அவற்றுக்கு இந்த வேலையை அந்தியில் செய்ய வேண்டும்.

தக்காளி, மிளகாய், கத்தரியில் ஒரே பூவில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் உண்டு. கொத்தை லேசாகத் தட்டினாலே போதும். ஆனால் பகல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ இரவு குளிராவிட்டாலோ தக்காளியின் மகரந்தம் கெட்டு, பூ காம்பின் கணுவோடு உதிரும். அப்போது உரம் போடுவது வீண். தழைச்சத்து கூடினால் செடி கரும்பச்சையாகச் செழிக்கும், பூதான் வராது.

இன்னொன்று: பூத்திருக்கும் செடிக்குக் காலையில் மருந்தடித்துத் தேனீயை விரட்டிவிட்டு, காய் பிடிக்கவில்லை என்று விதையைக் குறை சொல்பவர்கள் பலர். வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடியில், பூவில் படாமல் தெளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்