ஐப்பசி மழைக்கு முன் ஒரு சுவர்: தரங்கம்பாடி கல்லறைத் தோட்டத் திருப்பணிக்கு நன்கொடை வேண்டுகோள்

சபையாருக்கும், ஊராருக்கும், பிழைப்புக்காக வெளியூர் போன தரங்கம்பாடி மக்களுக்கும் திருப்பணிக் குழுவின் தோத்திரமும் வணக்கமும்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். பழைய கல்லறைத் தோட்டத்தில் இடிந்து விழுந்த கிழக்குச் சுவர் மறுபடி பாதிதான் எழும்பியிருக்கிறது. கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது. சுண்ணாம்புப் பூச்சு நிதானமாகக் காய வேண்டிய வேலை. ஈரம் ஆறுமுன் அடைமழை பிடித்தால் அத்தனையும் கரைந்து ஓடிவிடும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் பூச்சு முடிந்தாக வேண்டும்.

இந்த ஊரின் பெருமையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பெரியவர்கள் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறோம். 1792இல் கட்டிய நகர வாயிலில் டென்மார்க் அரச முத்திரையைப் பார்த்தபடி நுழைந்து கிங்ஸ் தெருவில் கடலை நோக்கி நடந்தால், ஒரு பக்கம் 1701இல் எழுந்த சீயோன் ஆலயம், மறுபக்கம் 1718இல் பிரதிஷ்டை ஆன புதிய எருசலேம் ஆலயம். சிலுவை வடிவில் கட்டிய இந்த ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முடிச்சின்னம் இன்றும் இருக்கிறது. 1706 ஜூலையில் இங்கே கரையிறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு ஐயர், தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி, இந்த ஆலயத்தையும் கட்டி முடித்தார். பிரதிஷ்டை நடந்து நாலு மாதம் கழித்துக் கண்மூடினார். வயது 36. அவரை அடக்கம் செய்ததும் அதே ஆலயத்துக்குள்தான். கடலூர் ஆறுமுகம், ஞானஸ்நானத்தில் ஆரோன் என்று பெயர் பெற்று, 1733இல் குருப்பட்டம் பெற்றதும் இதே ஊரில்.

தெரு முடிந்தால் பரேடு மைதானம். அங்கே நின்று பார்த்தால் 1620இல் டென்மார்க்காரர்கள் தொடங்கிய கோட்டை, தூண் வைத்த தாழ்வாரத்தோடு கவர்னர் பங்களா, சற்றுத் தள்ளிக் கடல் அரித்தது போக மிஞ்சிய பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். வேறெந்த ஊரில் இத்தனையும் ஒரே நடையில் பார்க்க முடியும்? வரைபடம் டென்மார்க்கிலிருந்து வந்திருக்கலாம். சாந்து குழைத்ததும் கல் தூக்கியதும் நம் ஆட்கள். அந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

சுவர் ஏன் விழுந்தது என்று பலர் கேட்கிறீர்கள். முன்பு ஒரு முறை செலவு குறையும் என்று சிமெண்ட் பூசினார்கள். கடலோரச் செங்கல்லில் உப்பு ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே தங்கிய உப்பு பூத்துச் செங்கல்லையே மாவாக்கிவிட்டது. விரல் முட்டியால் தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். பூச்சைப் பெயர்த்தால் செந்தூள் கொட்டும். இப்போது கொத்தனார் சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைக்கிறார். நேரம் பிடிக்கிறது, கூலியும் கூடுகிறது. குறுக்கு வழி இதில் இல்லை.

கணக்கு இது. சுண்ணாம்பு, மணல், செங்கல், கடுக்காய், வெல்லம் 2,90,000 ரூபாய். கூலி 5,20,000. சாரம் கட்ட 85,000. கல்லறை எழுத்துகளைச் சுத்தம் செய்து பதிவு செய்ய 1,40,000. வண்டி வாடகை, தண்ணீர், மற்றவை 1,25,000. ஆக மொத்தம் 11,60,000. வந்தது 7,42,000. துண்டு விழுவது 4,18,000.

வந்த பணத்தில் எங்கள் நெஞ்சு நிறைந்தது. ஏலம் முடிந்ததும் கூடையைக்கூட இறக்காமல் நூறு நூறாகக் கொடுத்த மீன்காரச் சகோதரிகளுக்கு முதல் நன்றி. இரண்டு ஆலயத்து வாலிபர் சங்கத்தாரும் கூலி வாங்காமல் கல் சுமந்தார்கள். பொறையாற்று ஜவுளிக்கடை பாய் ஒருவர், பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு 50,000 தந்தார். கோயில் தெருப் பெரியவர்கள் வேலையாட்களுக்குப் பத்து நாள் மதியச் சாப்பாடு போட்டார்கள். ஓய்வூதியத்தில் பாதியைத் தந்த ஆசிரியை அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கர்த்தர் இவர்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பண்டிகை நாளில் எழுந்து நின்று தொகை அறிவித்த குடும்பங்களில் 23 பேர் இன்னும் தரவில்லை. கஷ்டத்தில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. பிள்ளை கல்யாணத்துக்கு ஆலய முகப்பில் படம் எடுக்கத் தெரிந்த நமக்கு, தாத்தா பாட்டி படுத்திருக்கும் இடத்தில் ஆடு மேய்வது தெரியாமலா இருக்கும்? சுனாமி வந்த வருஷம் ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து நம் வீட்டைக் கட்டிக் கொடுத்தார்கள். நம் முன்னோர் வீட்டுக்கு நாம் 2,000 ரூபாய் தர யோசிக்கலாமா? அறிவித்தவர்கள் பட்டியலை ஆலய வாசலில் ஒட்டலாம் என்றும் குழுவில் பேச்சு வந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறோம்.

பணமாகத் தர முடியாதவர்கள் செங்கல்லாகவோ வெல்லமாகவோ தரலாம், ஒரு நாள் கொத்தனார் கூலியை ஏற்கலாம். சிமெண்ட் மூட்டை தயவுசெய்து வேண்டாம். போன மாதம் வந்த இரண்டு மூட்டையை நன்றியோடு திருப்பி அனுப்பினோம். பொருளாளர் தினமும் மாலை 5 முதல் 7 வரை தோட்ட வாசலில் இருப்பார். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், குழு உறுப்பினரானாலும் சரி. வரவு செலவு நோட்டு அங்கேயே மேஜைமேல் இருக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். புரட்டாசி 15க்குள் தந்தால் சாரத்தை அவிழ்க்காமல் வேலையைத் தொடர முடியும். அவிழ்த்து மறுபடி கட்டினால் இன்னொரு 85,000.

இப்படிக்கு,
கல்லறைத் தோட்டத் திருப்பணிக் குழுவினர்,
தரங்கம்பாடி