பெருநாரை கூடு கட்டும் மரங்களை அரசு கவனிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அசாம் மக்கள் ஹர்கிலா என்றழைக்கும் பெருநாரையை, அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் வரிசையிலிருந்து பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2023-இல் நீக்கி, அச்சுறுத்தலுக்கு அருகிலுள்ள இனம் என்று மாற்றியது. மனம் நிறைந்த செய்திதான். ஆனால், இதைக் காரணம் காட்டி அரசுகள் இப்பறவையைக் கைவிட்டுவிடக் கூடாது.

19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தா நகரின் கழிவுகளைத் தின்று திரிந்த இப்பறவை, பிற்காலத்தில் அம்மாநகராட்சியின் சின்னத்திலும் இடம்பெற்றது. அங்கிருந்து அது முற்றிலுமாக மறைந்தே போனது. இன்று அசாம், பீகாரின் பாகல்பூர்ப் பகுதி, கம்போடியா என மிகச் சில இடங்களில்தான் குஞ்சு பொரிக்கிறது.

அசாமில் இதன் கூடுகள் பெரும்பாலும் காப்புக்காடுகளில் இல்லை. காமரூப் மாவட்டத்தின் தாதரா, பசாரியா போன்ற ஊர்களில், வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் கடம்பு, இலவம் போன்ற உயர்ந்த மரங்களில் இருக்கின்றன. குஞ்சுகளுக்காகக் கொண்டுவரும் அழுகிய இறைச்சியும் மீனும் எச்சத்தோடு சேர்ந்து மரத்தடியில் விழுந்து நாறும்; அந்த நாற்றத்தை மாதக்கணக்கில் சகிக்க முடியாமல் மரத்தையே வெட்டியவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். வனவிலங்கு உயிரியலாளர் பூர்ணிமா தேவி பர்மனும் அவரோடு திரண்ட 'ஹர்கிலா படை'ப் பெண்களும் வீடுவீடாகச் சென்று பேசியே அக்கோடரிகளைத் தடுத்தார்கள். தவறி விழும் குஞ்சுகளைத் தாங்கிக்கொள்ள மரத்தடியில் வலை கட்டினார்கள். தறியில் நெய்யும் துணிகளிலும் இப்பறவையின் உருவத்தைப் பதித்தார்கள். 2010-இல் அங்கு 28 ஆக இருந்த கூடுகள் பின்னர் 200-ஐக் கடந்ததற்கு அவர்களின் உழைப்பே முதற்காரணம்.

ஆயினும், ஓர் இனத்தின் எதிர்காலத்தை மரத்துக்குச் சொந்தக்காரரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி விட்டுவைப்பது முறையன்று. நாளை அவருக்கு வீடு கட்ட இடம் தேவைப்படலாம். மகளின் திருமணத்துக்குப் பணம் தேவைப்படலாம். கூடுள்ள ஒவ்வொரு மரத்தையும் வனத்துறை பதிவுசெய்து, அம்மரம் நிற்கும்வரை ஆண்டுதோறும் உரிமையாளருக்கு ஊக்கத்தொகை வழங்க வேண்டும். மரத்தடியைத் துப்புரவு செய்யும் பொறுப்பை ஊராட்சி ஏற்க வேண்டும். குவஹாத்தியின் தீபோர் பீல் ஏரி 2002-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோதிலும், அதன் அருகே கொட்டப்பட்ட குப்பையில் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே இப்பறவைகள் இரை பொறுக்கும் நிலை வந்தது. ஆகவே, மரங்களோடு ஈரநிலங்களையும் சேர்த்தே காக்க வேண்டும். அடுத்த கூடுகட்டும் பருவம் தொடங்கும் முன்பே மரங்களைப் பதிவுசெய்யும் பணியை முடிக்குமாறு அசாம் அரசை உங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்