வாதம் இருப்பதால் உண்மை குறைந்துவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அடிமைத்தளையிலிருந்து மீண்ட அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தன்வரலாறுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவை அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பிரசாரத்துக்காக எழுதப்பட்டவை, அதனால் பாதியைக் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர்கள் வாதாடினார்கள்தான். நம்பவே மறுத்த ஊரில் வேறு எப்படிப் பேசுவது? பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பெர்முடாவில் அடிமையாகப் பிறந்த மேரி பிரின்ஸின் கதையும் இதே வகைதான்; அவர் வரலாறு 1831இல் லண்டனில் வெளியானது. அவர் சொன்ன சவுக்கடிகளை உறுதிப்படுத்த, பதிப்பாசிரியர் தாமஸ் பிரிங்கிளின் மனைவி மேரியின் முதுகைப் பார்த்துவிட்டு, தழும்புகள் இருப்பது உண்மை என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் நூலின் பின்னிணைப்பில் அச்சானது. அடிமைகளை வைத்திருந்தவர்களின் கணக்கேடுகளிடம் யாரும் இப்படிச் சான்று கேட்டதில்லை.

ஃபிரெடரிக் டக்ளஸையே எடுத்துக்கொள்வோம். 1845இல் வந்த நூலில் எஜமானர்களின் பெயர்களையும் ஊர்களையும் ஒளிக்காமல் எழுதினார். அப்போது அவர் சட்டப்படி தப்பியோடிய அடிமை. பிடிபடும் அபாயத்தால் பிரிட்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. அவருடைய விடுதலையை அங்கிருந்த ஆதரவாளர்கள் 1846இல் விலை கொடுத்து வாங்கினார்கள். இதற்கிடையே, டக்ளஸ் அடிமையாக இருந்த மேரிலாந்து மாநிலத்தில் முன்பு வசித்த தாம்சன் என்பவர், நூல் முழுக்கப் பொய், தனக்குத் தெரிந்த அந்த அடிமைக்கு எழுதவே வராது என்று பத்திரிகையில் எழுதினார். டக்ளஸ் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார்! டக்ளஸ் அடிமையாக இருந்ததே இல்லை என்று, அடிமைமுறை ஒழிந்திருந்த வட மாநிலங்களில் பலர் சந்தேகப்பட, அதை எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டுவிட்டதே!

அந்த நூலில் அவர் தப்பித்த விதம் மட்டும் இல்லை. வாசகர்கள் ஆவலோடு தேடும் இடம் அதுதான். அதைச் சொன்னால் பின்னால் வருபவர்களுக்கு வழி அடைபடும் என்று காரணத்தையும் எழுதிவைத்து நிறுத்திக்கொண்டார். முழு விவரத்தையும் 1881இல் வந்த நூலில்தான் எழுதினார். வெறும் பிரசாரகர் இந்தக் கட்டத்தை விட்டுவைப்பாரா?

கட்டுரையில் ஹாரியட் ஜேக்கப்ஸின் பெயரே இல்லாதது பெரிய குறை. வட கரோலினாவின் ஈடன்டன் ஊரில், நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத பரண் ஒன்றில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர் அவர். ஒளிந்தபடியே எஜமானுக்குக் கடிதம் எழுதி, நியூயார்க்கிலிருந்து வந்ததுபோல் அஞ்சலில் சேரச் செய்து அவனைத் திசைதிருப்பினார். 1861இல் புனைபெயரில் வந்த அவர் நூல் வடக்கிலுள்ள பெண்களை நோக்கிப் பேசுகிறது. எஜமானின் தொல்லையிலிருந்து தப்ப வேறொரு வெள்ளையருடன் உறவு வைத்ததை மறைக்காமல் சொல்கிறார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இதை அச்சில் சொல்வது சாதாரணமல்ல. சொன்ன கையோடு, சட்டத்தின் காவல் பெற்ற பெண்களை அளக்கும் அளவுகோலால் அடிமைப் பெண்ணை அளக்கக் கூடாது என்று வாதிடுகிறார். எனக்கு இந்த வகை நூல்களிலேயே உச்சமான பகுதி இதுதான்.

நடந்தது என்ன? நூலைச் செம்மைப்படுத்திய வெள்ளை எழுத்தாளர் லிடியா மரியா சைல்டின் கற்பனை என்றே பல ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஒதுக்கினார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற அமெரிக்க ஆய்வாளர் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடியெடுத்து, எழுதியவர் ஜேக்கப்ஸ்தான் என்று 1980களில் நிறுவினார். கழித்துப் படித்ததால் வந்த நஷ்டம் இது.

ஜேக்கப்ஸ் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன். அந்த உறவை அவர் ஒப்புக்கொள்ளும் அத்தியாயத்தையாவது முழுமையாகத் தமிழில் தாருங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
மதுரை