டிரிக்கோ ஏன் உடனே சொன்ன பேச்சைக் கேட்காது

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. புது ஊரில் வீடு அமைந்துவிட்டது, தங்கச்சிக்கும் பக்கத்திலேயே வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து, காலையில் மொட்டை மாடியில் நடக்கிறார். அண்ணன் மகன் பிளஸ் டூ தேர்வு முடிந்து லீவுக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், பிளேஸ்டேஷன் இப்போது அவன் கையில்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கேமில் நம்மோடு கூடவே வரும் ஆட்களில் உனக்கு டைட்டன்ஃபால் 2-ன் பி.டி.தான் முதலிடம் என்று எழுதியிருந்தாய், என் பட்டியலைக் கேட்டிருந்தாய். தலைப்பில் நான் எழுதிய டிரிக்கோ, தி லாஸ்ட் கார்டியன் கேமில் கூட வரும் மிருகம், அதற்குக் கடைசியில் வருகிறேன். பி.டி. அருமையான ரோபோ, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பைலட்டோடு இணைவது, பணியை நிறைவேற்றுவது, பைலட்டைக் காப்பது என்று அதற்கு மூன்றே விதிகள், அந்த மூன்றாவது விதியைக் கடைசியில் அது கடைப்பிடிக்கும் விதம் யாரையும் கலக்கிவிடும். ஆனால் சண்டையில் நீ உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டால் பி.டி.யை ஓட்டுவது நீதானே? அந்த நேரத்தில் அது உன் கையும் காலும் ஆகிவிடுகிறது, பக்கத்தில் இன்னொருவர் நிற்கிற உணர்வு எனக்கு அங்கே குறைகிறது. எனக்குக் கூட வருகிறவர்களிடம் பலத்தைவிட முக்கியமாக வேண்டியது, அவர்களுக்கென்று ஒரு பழக்கம். நான் ஒன்றும் செய்யாமல் சும்மா நின்றால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் முதலில் கவனிப்பேன்.

காலேஜ் காலத்தில் பிரவுசிங் சென்டரில் ஆள் சேராத நாட்களில் பாட்களை, அதாவது கம்ப்யூட்டரே ஆடும் ஆட்களை வைத்து கவுண்டர் ஸ்ட்ரைக் கண்டிஷன் ஜீரோ ஆடினோமே, அப்போதே எனக்கு இது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். 2004-ல் வந்த அந்த கேமில் ஒவ்வொரு பாட்டுக்கும் திறமை, ஒத்துழைப்பு, துணிச்சல் என்று தனித்தனி அளவு உண்டு. பின்னால் வா என்று ரேடியோவில் கூப்பிட்டால் சிலது வரும், சிலது 'நெகட்டிவ்' என்று சொல்லிவிட்டுத் தன் வழியில் போகும். நீ அந்த பாட்களைத் திட்டிக்கொண்டே இருப்பாய். எனக்கு என்னவோ அந்த மறுப்பு வந்ததும் ஆட்டத்தில் கூட ஒரு ஆள் இருப்பது போலத் தோன்றும்.

எல்லியை எடுத்துக்கொள், தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமில் நாம் ஆடும் ஜோயலோடு கூடவே வரும் சிறுமி. 2013-ல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் வந்தபோது பலரும் சொன்ன குறை, நாம் பதுங்கிப் பதுங்கிப் போகும்போது எல்லி எதிரியின் மூக்குக்கு முன்னால் ஓடினாலும் அவன் கண்ணில் படமாட்டாள் என்பது. உண்மைதான், பார்க்க விநோதமாகத்தான் இருக்கும். ஆனாலும் அவர்கள் எடுத்த முடிவு சரி என்பதுதான் என் கட்சி, ஏனென்றால் அவளால் நாம் மாட்டிக்கொண்டால் நம் கோபம் முழுக்க அவள் மேல் திரும்பும், அதற்கப்புறம் கதை என்ன சொன்னாலும் அவள் மேல் பாசம் வராது. பழைய ரெசிடென்ட் ஈவில் 4-ல் நாம் காப்பாற்றிக் கூட்டிப் போகும் ஆஷ்லியை எத்தனை பேர் திட்டினார்கள் என்று உனக்கே தெரியும். எல்லி அப்படிச் சுமையாவதில்லை. சும்மா நடக்கிற நேரத்தில் விசில் அடிக்கப் பழகுகிறாள், புத்தகத்தைப் பிரித்து மொக்கை ஜோக் வாசிக்கிறாள், நமக்கு ஆபத்து என்றால் செங்கல்லைத் தூக்கி எறிகிறாள்.

அந்த கேமில் என்னை அசைத்த இடம் ரொம்பச் சின்னது. உயரமான சுவர் வரும் இடங்களில் ஜோயல் சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளைக் கோர்த்துக்கொண்டு நிற்பான், நீ முக்கோண பட்டனை அழுத்துவாய், எல்லி ஓடி வந்து அவன் கையில் கால் வைத்து மேலே ஏறி ஏணியை இறக்குவாள். ஆட்டம் முழுக்க இதே வேலைதான், ஒரு கட்டத்தில் யோசிக்காமலே விரல் பட்டனுக்குப் போய்விடும். அப்புறம் கதை சால்ட் லேக் சிட்டி நகரத்துக்கு வருகிறது. குளிர்காலத்தில் அவளுக்கு நடந்த கொடுமையெல்லாம் முடிந்து வசந்தம். ஜோயல் வழக்கம்போலச் சுவரோரம் போய் நிற்கிறான், பட்டனை அழுத்துகிறாய், எல்லி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் தனியாக உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஜோயல் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வருகிறாள். அவள் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்று நீளமாக வசனம் எழுதியிருந்தால்கூட இந்த அளவுக்குத் தைத்திருக்காது. அத்தனை நேரம் நம் விரலுக்குப் பழகிப்போன ஒன்று அந்த ஓரிடத்தில் நடக்காமல் போவதுதான் வேலையைச் செய்கிறது. அதற்கு அடுத்து வரும் ஒட்டகச்சிவிங்கிக் காட்சியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நானும்தான், ஆனால் அதற்கு வழி போட்டுத் தந்தது இந்தச் சுவர்.

அதே வருடம் வந்த பயோஷாக் இன்ஃபினிட்டில் கூட வரும் எலிசபெத்தும் இப்படித்தான். சண்டை நடக்கும்போது தோட்டாவோ மருந்தோ தூக்கிப் போடுவாள், சும்மா இருக்கும்போது எங்கேயாவது கிடைத்த காசைச் சுண்டி விடுவாள். அவளைப் பறித்துக்கொண்டு போன பிறகு தனியாகச் சண்டை போடும்போது தோட்டா தீர்கிற நேரத்தில் கை தன்னால் அவள் போடுவதை வாங்கும் பட்டனைத் தேடும். அந்த இடத்துக்காக அவளை எனக்குப் பிடிக்கும், கதையின் கடைசிக் குழப்பங்கள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

ஆனால் மாப்ள, மனதோடு ஒட்டிக்கொண்டவர்கள் என்றால் ஃபுமிட்டோ உவேடா என்ற கேம் இயக்குநரின் மூன்று கேம்களில் வருகிறவர்கள்தான். 2001-ல் ஈகோ. ஆர்1 பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு யோர்டா என்ற பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், விட்டுவிட்டுத் தள்ளிப் போனால் நிழல் உருவங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போகும். கேமை சேவ் செய்ய வேண்டுமானால் ஒரு கல் இருக்கையில் இரண்டு பேரும் உட்கார வேண்டும், நீ மட்டும் உட்கார்ந்தால் போதாது. 2005-ல் ஷேடோ ஆஃப் த கொலோசஸ், அதில் அக்ரோ என்ற குதிரை. நாம் திருப்பினால் உடனே திரும்பும் வண்டி இல்லை அது. குறுகலான பாதையில் விட்டுவிட்டால் தானாகவே வளைந்து போகும், அந்த நேரத்தில் நாம் நிம்மதியாக வில்லைக் குறிபார்க்கலாம். கடைசிப் பாலத்தில் அது செய்வதை எழுத மாட்டேன், நீ இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்றாய்.

மூன்றாவதுதான் டிரிக்கோ. தி லாஸ்ட் கார்டியன் 2009-ல் அறிவிக்கப்பட்டு 2016 டிசம்பரில்தான் வந்தது, பிளேஸ்டேஷன் 3-க்கு என்று ஆரம்பித்து 4-ல் போய் முடிந்தது. பூனையும் நாயும் பறவையும் கலந்த மாதிரி, இறகு மூடிய பெரிய மிருகம். குகைக்குள் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது, உடம்பில் ஈட்டிகள். நாம் ஆடும் சிறுவன் ஈட்டியைப் பிடுங்கினால் வலி தாங்காமல் அவனையே தட்டிவிடுகிறது. தீனிப் பீப்பாயைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் தெருப் பூனை போல நம்மையும் பீப்பாயையும் மாறி மாறிப் பார்க்கும், நாம் தள்ளிப் போனால்தான் வாய் வைக்கும். அங்கிருந்து ஆரம்பிக்கிறது எல்லாம்.

அதற்குக் கட்டளை கொடுக்கலாம், அதோ அங்கே தாவு என்று கை காட்டலாம். உடனே தாவாது. உன்னைப் பார்க்கும், அந்தப் பக்கம் பார்க்கும், வேறெங்கோ மோந்து பார்க்கும், முன்னங்காலை விளிம்பில் வைத்துப் பார்க்கும், அப்புறம் தாவும். அண்ணன் மகன் நேற்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "சித்தப்பா, இது சொன்ன பேச்சையே கேட்க மாட்டேங்குது" என்றான். அவனை அந்த இடத்தில் நிறுத்திவிடாதே, இன்னும் கொஞ்சம் ஆடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். சொன்ன நொடியில் தாவுகிற டிரிக்கோ வெறும் லிஃப்ட்தான், மேலே போக ஒரு வசதி, அவ்வளவே. அது தயங்குவதால்தான், கண் வடிவ வண்ணக் கண்ணாடியைக் கண்டு அது பயந்து பின்வாங்கும்போது நாம் ஓடிப்போய் அதை உடைக்கத் தோன்றுகிறது, கவச வீரர்களோடு சண்டை முடிந்து வெறி அடங்காமல் நிற்கும்போது மேலே ஏறிக் கழுத்தைத் தடவிக் கொடுத்து, மீதி ஈட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தோன்றுகிறது. யாரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில்கூட நான் அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டு இருப்பேன்.

பிறகு ஒரு தாவல் வருகிறது. எதிர்ப்பக்கம் எட்டாத தூரம், கீழே அடி தெரியாத பள்ளம், அந்தப் பக்கம் டிரிக்கோ நிற்கிறது. அது நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பித் தாவ வேண்டியதுதான், வேறு வழி கிடையாது. அதுவரை அது நம்மைக் காக்க வைத்த நேரமெல்லாம் அந்த ஒரு நொடியில் கணக்குக்கு வரும். கேமரா மோசம் என்று ஊரே சொல்கிறது, ஒப்புக்கொள்கிறேன், இடுக்கான அறைகளில் இறகைத் தவிர ஒன்றும் தெரியாது. இருந்தாலும் டிரிக்கோவின் தயக்கத்தையும் அந்தக் கேமராவோடு சேர்த்துக் குறையாக எழுதியவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

நீ ஷேடோவை முடித்துவிட்டு இதை ஆரம்பி. ஆரம்பித்ததும் ஒன்று மட்டும் செய், கட்டளை பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தாதே, ஒரு தடவை காட்டிவிட்டுக் காத்திரு.

அப்புறம், நடுவில் மாஸ் எஃபெக்ட் 2-ம் ஆடுவதாக எழுதியிருந்தாயே. எப்போது பேசப் போனாலும் கப்பலில் கூட வரும் கேரஸ் பீரங்கிக்கு அளவு சரிபார்க்கிறேன் என்று அனுப்பிவிடுகிறான் என்று அலுத்துக்கொண்டாய். அலுத்துக்கொள்ளாதே. கடைசிப் பணிக்குக் கிளம்பும் முன் அவன் சொல்லும் தானிக்ஸ் பீரங்கியைக் கப்பலில் பொருத்திவிடு, அவனுடைய லாயல்டி மிஷனையும், அதாவது அவன் விசுவாசத்தைப் பெறும் தனிப் பணியையும் முடித்துவிடு. இரண்டையும் விட்டுவிட்டுப் போனால் அந்தப் பயணத்தில் உன் ஆட்களில் சிலர் திரும்ப மாட்டார்கள், மூன்றாம் பாகத்திலும் அவர்கள் இல்லாமலே ஆட வேண்டியிருக்கும். முடித்ததும் யார் யார் தப்பினார்கள் என்று எழுது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள