முதல் நாளிலேயே அந்தப் போனை அவள் கையில் கொடுக்காதீர்கள்

மும்பை ரயில்வே காவல் நிலையங்களில் புதுக் காவலர்களுக்கு டியூட்டி போடும் மூத்தவர்களுக்கு, வணக்கம்.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. என் தங்கை உங்கள் துறையில் காவலராகச் சேர்ந்திருக்கிறாள். சாவுச் செய்தி சொல்கிற வேலையைப் பற்றி, அவளுடைய முதல் நாளில் நடந்ததை வைத்து எழுதுகிறேன். எந்த நிலையம், என்ன தேதி என்று எழுத மாட்டேன். யாரையும் மாட்டிவிட எழுதுகிற மடல் இல்லை இது. அவளும் "பேரெல்லாம் வேண்டாம்க்கா" என்று சொல்லித்தான் எழுத விட்டாள். மராத்தியிலும் எழுதித் தருகிறேன். முதலில் தமிழில் எழுதக் காரணம், அன்று நடந்தது தமிழில்தான் நடந்தது.

எங்கள் தெருவிலிருந்து போலீஸ் வேலைக்குப் போன முதல் பெண் அவள். தேர்வில் 800 மீட்டர் ஓட வேண்டும் என்பதற்காக விடியற்காலையில் 90 அடி சாலையில் ஓடுவாள். அப்பா பின்னாலேயே சைக்கிளில் போவார். முதல் நாள் காலையில் அவளுடைய ஷூவை அப்பாதான் பாலிஷ் போட்டார். அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள்.

பத்து மணி வாக்கில் ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து மெமோ வந்திருக்கிறது. தண்டவாளத்து ஓரத்தில் ஓர் இளைஞர் கிடக்கிறார், உயிர் இல்லை. ஒரு ஹவல்தார் (நம் ஊரில் ஏட்டு), ஸ்ட்ரெச்சர் தூக்கும் ஹமால்கள் இரண்டு பேர், அவர்களோடு என் தங்கை. சாட்சிகளை வைத்துப் பஞ்சநாமா என்கிற குறிப்பு எழுதினார்கள். சட்டைப் பையில் 140 ரூபாய், ஒரு சீசன் பாஸ், கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன். அந்தப் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் இருந்த எழுத்து அங்கே வேறு யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. அவள் படித்தாள். 'அம்மா' என்று இருந்தது.

"நீ தமிழ்தானே, நீயே சொல்லிவிடு" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டு ஹவல்தார் நகர்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் அவருக்கு அடுத்த மெமோ வந்துவிட்டது.

எடுத்ததும் அந்தப் பக்கம், "என்னய்யா, சாப்ட்டியா?" திருநெல்வேலிப் பேச்சு, எங்கள் அம்மா பேசுகிற அதே பேச்சு. இவள் குரலைக் கேட்டதும், "நீ யாருத்தா?" என்று கேட்டிருக்கிறார். மும்பையிலிருந்து போலீஸ் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்புறம் வாய் வரவில்லை. "அடிபட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க" என்று சொல்லிவிட்டாள். "பேசுற நெலமையில இருக்கானா? ஒரு வார்த்தை பேசச் சொல்லுத்தா" என்று அந்த அம்மா கேட்க, போனை வைத்துவிட்டாள்.

இருபது நிமிடம் கழித்து இவளே திரும்பக் கூப்பிட்டாள். அதற்குள் அந்த அம்மா பையில் துணி எடுத்து வைத்து, ரயிலுக்குப் பணம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். போனை எடுத்தவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். அவரிடம்தான் உண்மையைச் சொன்னாள். பின்னால் கேட்ட சத்தத்தைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்தபோது டப்பா திறக்காமலே இருந்தது. "பொய் சொல்லிட்டேன்க்கா. இருபது நிமிஷம் அவங்க மகன் உயிரோட இருக்கான்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றாள். இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சந்தேக மரணத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பெற்றவளிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

உங்கள் நிலைமையும் எனக்குத் தெரியும். மும்பை புறநகர் ரயில் பாதைகளில் 2023-இல் மட்டும் 2,590 பேர் இறந்தார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு ஏழு பேர். உங்களுக்கு அது அன்றாட வேலை, மனதைக் கல்லாக்கிக்கொண்டால்தான் செய்ய முடியும். 2025 ஜூனில் மும்ப்ரா அருகே ஓடும் ரயில்களிலிருந்து விழுந்து இறந்தவர்களில் ரயில்வே போலீஸ் காவலர் ஒருவரும் இருந்தார். அப்படி உங்கள் ஆட்களையே தூக்கியிருக்கிறீர்கள். ஆனால் புதிதாக வருகிற பிள்ளைக்கு அதுதான் முதல் உடல், முதல் போன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. முதல் ஒரு மாதம் சாவுச் செய்தி சொல்கிற வேலையைப் புதியவர்களிடம் தனியாக விடாதீர்கள். மொழிக்காக அவர்கள்தான் பேச வேண்டும் என்றால் பேசட்டும், மூத்தவர் ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். பேசுவதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, என்ன சொல்லலாம் என்று சொல்லிக் கொடுங்கள். "உங்களோடு வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும். 'இறந்துவிட்டார்' என்பதை 'இறந்துவிட்டார்' என்றே சொல்ல வேண்டும். முடிந்தால் அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்து, நேரில் ஓர் ஆள் போய்ச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். பத்துப் பதினைந்து வருடம் இந்த வேலை பார்த்த உங்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததைக் கொஞ்சம் வாய் திறந்து சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

புது ஆசிரியர் எங்கள் பள்ளிக்கு வந்தால் முதல் வாரம் வகுப்பின் பின்வரிசையில் நான் போய் உட்காருவேன். நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கவே ஒரு துணை வேண்டியிருக்கிறது.

அன்று அவளிடம் அக்கறையாக ஒரு வார்த்தை பேசியவர் அந்த ஹமால்களில் ஒருவர்தான். உடலைப் பிணவறையில் ஒப்படைத்த பிறகு டீ வாங்கிக் கொடுத்து, "இன்னிக்கு ராத்திரி தனியாப் படுக்காதே மகளே" என்றாராம். அதனால்தான் அவள் அன்று என் பக்கத்தில் வந்து படுத்தாள். அந்த மனிதருக்குச் சீருடை கிடையாது. அவர் சொன்னது உங்கள் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற கதையா என்று நினைக்காதீர்கள். மும்பை போலீஸில் 8 மணி நேர டியூட்டியும் ஒரு காலத்தில் நடக்காத கதைதான். ஒரு சாதாரணக் காவலர் சொன்ன யோசனைக்கு அப்போதைய ஆணையர் தத்தாத்ரே பட்சல்கீகர் காது கொடுத்தார். 2016-இல் தேவ்னார் காவல் நிலையத்தில் அதைச் செய்து பார்த்தார்கள்.

என் தங்கை வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். அடுத்துப் புதுப் பிள்ளைகள் வரும்போது, ஊருக்குத் தமிழில் பேச வேண்டிய நிலை வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்த நேரமானாலும் வருகிறேன். போனை அவர்களே பேசட்டும், பேசி முடிக்கிற வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு காவலரின் அக்கா,
தாராவி, மும்பை