ஆற்றங்கரையில் மூன்று குடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கூடாரச் சுற்றுலா கட்டுரையில், பாலைவனத்துக்குப் போகிறவர்கள் ஆற்றோரமாக இடம் பிடித்தால் 'தண்ணீர்க் கவலை இல்லை' என்று ஒரு வரி இருந்தது. மற்றதெல்லாம் சரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அப்படி ஓர் ஆற்றங்கரையில் இரண்டு ராத்திரி தங்கியவள் நான். அதற்கும் மேலே, பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே போனால் கொசஸ்தலை ஆறு. இத்தனைக்கும் நடுவில் 2019 ஜூனில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றோம். எங்களிடம் வந்து ஆறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று சொன்னால் எப்படி?

மகள் சான் அன்டோனியோவில் இருக்கிறாள். ஒரு பிப்ரவரியில் மாப்பிள்ளை எங்களை டெக்சாஸின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார். காரில் ஏழு மணி நேரத்துக்கு மேல். பிறகு, உயரமான வண்டி மட்டுமே போகக்கூடிய கல்லும் மண்ணுமான பாதை. கடைசியில் வந்த முகாம் என்பது ஒரு சரளைத் திட்டு. அவ்வளவுதான். கக்கூஸ் இல்லை, குழாய் இல்லை, மர நிழல் இல்லை, போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. 'இதற்கா அனுமதிச்சீட்டு வாங்கினீர்கள்?' என்று என் வீட்டுக்காரர் கேட்டேவிட்டார். பின்னால்தான் புரிந்தது, அங்கே எதுவும் கட்டாமல் வைத்திருப்பது வேண்டுமென்றே செய்தது. விறகு மூட்டக் கூடாது, கேஸ் அடுப்புதான். குப்பையைத் திரும்பக் காரில்தான் ஏற்ற வேண்டும். காலைக்கடனுக்கு ஆற்றை விட்டுத் தள்ளி அரை அடிக் குழி. துடைத்த காகிதத்தைக்கூடப் பையில் போட்டு எடுத்து வர வேண்டும். நமக்குச் சொம்பு இருக்கிறதே என்றேன். சிரித்தார்கள். ஆனால் சொம்புக்கும் தண்ணீர் வேண்டுமே!

ஆறு எங்கே என்றால், பத்தடி கீழே. ரியோ கிராண்டே. பேருக்குப் பெரிய ஆறு. எண்ணூர் முகத்துவாரத்தில் நம் கொசஸ்தலை இருக்கிற அகலத்தில் கால்வாசி இருந்தால் அதிகம். இரு கரையிலும் நாணல், எதிர்க்கரை மெக்சிகோ. ஆறு வரும் வழியில், மேலே அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலும் டெக்சாஸின் எல் பாசோ ஊர்ப் பக்கத்திலும் அணையும் பாசனமும் பெரும்பாலான தண்ணீரை எடுத்துக்கொள்கின்றன. இங்கே ஓடுவதில் பெரும்பங்கு மெக்சிகோவிலிருந்து வந்து சேரும் கோன்சோஸ் ஆற்றின் தண்ணீர் என்று மாப்பிள்ளை சொன்னார். ஒரு வாளி மொண்டு பார்த்தேன். பால் ஊற்றிய டீயின் நிறம். எங்கள் ஆயா கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை உரைத்துவிடுவார். அது இல்லாததால் ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். காலையில் வாளி அடியில் விரல் கனத்துக்குச் சேறு. மேலே தெளிந்தது போலத் தெரிந்ததும் குடிக்க உதவாது. உப்பும் கழிவும் கலந்து வருகிற ஆறு அது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகுமா?

ஆகவே குடிக்க, சமைக்க எல்லாம் கையோடு கொண்டுபோனதுதான். பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், 3.8 லிட்டர். நாலு பேர், மூன்று நாள்: 45 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும். மூன்று குடம்! மகள் இது எப்படிப் போதும் என்று பயந்தாள். நான் இதுவே தாராளம் என்றேன். நான் சொன்னதுதான் தப்பு. சென்னையில் வேர்த்தால் ஜாக்கெட் நனைந்து சொல்லிவிடும், தண்ணீர் குடி என்று. அங்கே வேர்ப்பதே தெரியாது. வந்த கணமே காய்ந்துவிடுகிறது. சாயங்காலம் பார்த்தால் முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு, உதட்டில் வெடிப்பு, தலைவலி. குளிர்காலத்திலேயே இப்படி. நல்லவேளை, மாப்பிள்ளை என் பேச்சைக் கேட்காமல் அறுபது லிட்டருக்கு மேல் ஏற்றியிருந்தார்.

நான் கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டைச் சமைக்கவே இல்லை. அதைக் கழுவவே ஒரு சொம்பு போகும், கழுவின தண்ணீரை எங்கே கொட்டுவது? சாப்பாட்டுப் பொருளை வெளியே வைக்கக் கூடாதென்று காருக்குள் பூட்டினோம். நடுராத்திரியில் சாக்கடை நாற்றமும் உறுமலுமாகக் காரைச் சுற்றி ஏதோ. டார்ச் அடித்தால் பன்றி மாதிரி நாலு உருப்படி. ஜாவலினா என்று பெயர், பன்றி இனமே இல்லையாம். கண் சரியாகத் தெரியாது, மூக்கு மட்டும் கெட்டி. காசிமேட்டுக் கருவாட்டை டெக்சாஸில் மதித்தது அவைதான்.

கட்டுரையில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. தலைக்கு மேல் ஒரு துளி விழாவிட்டாலும், எங்கோ தொலைவில் பெய்த மழைக்கு இங்கே ஆறு ஏறும். காய்ந்து கிடக்கும் ஓடையிலும் திடீரென்று வெள்ளம் வரும். மெத்தென்று மணலாக இருக்கிறதே என்று அங்கே கூடாரம் போட்டுவிடக் கூடாது. அடுத்த முறை இதையும் மூன்று குடம் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். குளுகுளு கூடாரப் படங்களில் ஒன்று குறைந்தால் பரவாயில்லை.

அந்தப் பூங்கா தொடங்கியது 1944-ல். நம் கொசஸ்தலைக்குக் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் வந்ததும் 1944-ல்தான். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நான் அதன் கரையில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூரில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தபின் அந்த ஆசையும் வரவில்லை.

திரும்பும்போது ஒரு கேனில் பாதித் தண்ணீர் மீதி இருந்தது. பாரம் குறையட்டும், கொட்டிவிடலாம் என்றாள் மகள். நான் விடவில்லை. ஏழு மணி நேரம் மடியில் வைத்துக் கொண்டுவந்து அவள் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21